ஆர்.கே. சண்முகம் செட்டியார்: வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே ஐஎம்எஃப் மாநாட்டுக்குப் போன கோவைக்காரர், கேட்டது என்ன, கிடைத்தது என்ன?

சித்தூர், திருப்பதி பக்கத்து ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுவை இன்றைக்கும் பலர் 'டுவாக்ரா குரூப்பு' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களுக்கு பெரிய அளவில் பணமும் பயிற்சியும் வந்த திட்டங்களில் ஒன்று 'வெலுகு'. 2000-ம் ஆண்டு, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் 6 மாவட்டங்களில் அது தொடங்கியது. அதில் சித்தூரும் ஒன்று. அதற்கு வந்த கடன் 11.1 கோடி டாலர். கொடுத்தது உலக வங்கிக் குழுமம்.

உலக வங்கி யாருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுத்துவிடாது. உறுப்பு நாடாக இருக்க வேண்டும். அதற்கு முன் ஐஎம்எஃப் எனும் சர்வதேச நாணய நிதியத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். இந்தியா இரண்டிலும் எப்போது சேர்ந்தது தெரியுமா? 1945 டிசம்பர் 27. அதாவது சுதந்திரத்துக்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக முன்னால்!

நாடு இன்னும் அடிமையாக இருக்கும்போதே இது எப்படி நடந்தது? அதனால் நமக்கு லாபமா, நஷ்டமா? அந்த மாநாட்டுக்குப் போன ஒரு தமிழரின் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் ஓரளவு புரியும். அவர் பெயர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். பலருக்கு அவரை சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகத் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் நடந்ததுதான் இந்தக் கதை.

யார் இந்த சண்முகம் செட்டியார்?

1892 அக்டோபர் 17 அன்று கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். அன்றைக்கு கோவையும் சித்தூரும் திருப்பதியும் ஒரே சென்னை மாகாணம். படிப்பு, வழக்கு, பெரிய உத்தியோகம் எதுவானாலும் எல்லோரும் மெட்ராஸுக்குத்தான் போகணும்.

கோவை நகராட்சியில் பொது வாழ்க்கையைத் தொடங்கினார். 1920-ல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார். 1924-ல் சுயராஜ்யக் கட்சி சார்பில் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். சுயராஜ்யக் கட்சி என்பது, தேர்தலைப் புறக்கணிக்காமல் சபைக்குள்ளே போய் ஆங்கிலேய அரசை எதிர்ப்போம் என்று காங்கிரஸுக்குள்ளிருந்து கிளம்பியவர்கள் தொடங்கிய கட்சி.

உள்ளே போய்ப் பேசுவோம் என்ற இந்த நிலைப்பாடு அவரை விட்டுப் போகவே இல்லை. கட்சி மாறினார், பதவி மாறினார். இது மட்டும் மாறவில்லை. அவருக்குக் கிடைத்த பெருமைக்கும் கெட்ட பெயருக்கும் இதுவே காரணம்.

ஒட்டாவாவில் போட்ட கையெழுத்து

1932. உலகம் முழுக்கப் பெருமந்தம். விளைபொருள் விலை விழுந்து, விவசாயி வரி கட்ட முடியாமல் தவித்த காலம். அப்போது கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு நடந்தது. இந்தியா சார்பில் போனவர்களில் சண்முகம் செட்டியாரும் ஒருவர்.

அங்கே முடிவானது இதுதான்: பேரரசுக்குள் இருக்கும் நாடுகள் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று சலுகை வரி போட வேண்டும். இந்தியச் சரக்குக்கு பிரிட்டனில் சலுகை, பிரிட்டிஷ் சரக்குக்கு இந்தியாவில் சலுகை. வெளிச் சந்தை சுருங்கும்போது இருக்கிற ஒரு சந்தையையாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். அந்நியத் துணியை எரித்துக்கொண்டிருந்த நாட்டில் அது எப்படி எடுபடும்? இங்கிலாந்து ஆலைகளுக்கு கதவைத் திறந்துவிட்டதாகத்தான் தேசியவாதிகள் பார்த்தார்கள்.

1933-ல் அவர் மத்திய சட்டசபையின் தலைவரானார். இன்றைய சபாநாயகர் பதவி மாதிரி. 'சர்' பட்டமும் வந்தது. ஆனால் 1934 தேர்தலில், சபைத் தலைவராக இருந்தபடியே காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். அந்தத் தோல்வியில் ஒட்டாவாவுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1936-ல் அதே சபை, ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி வாக்களித்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்த காலம் அது. எர்ணாகுளத்தில் காயலை ஒட்டிப் போகும் சண்முகம் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. 1938-ல் ஜெனீவாவில் நாடுகளின் சங்கக் கூட்டத்துக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனார். போர்க்காலத்தில் பொருள் கொள்முதலுக்காக அமெரிக்கா போன இந்தியக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். வாஷிங்டனில் காரியம் எப்படி நடக்கும் என்பது அப்போதே அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

அடிமை நாட்டுக்கு எப்படி அழைப்பு வந்தது?

1944 ஜூலை 1 முதல் 22 வரை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைவாசஸ்தலத்தில் ஓர் ஓட்டலில் 44 நாடுகள் கூடின. போர் முடிந்ததும் நாடுகளுக்கு இடையே பணம் எப்படிப் புழங்க வேண்டும் என்று விதி எழுதுவதற்கான கூட்டம். ஐஎம்எஃப், உலக வங்கி இரண்டும் அங்கே உருவானவை.

இந்தியா அங்கே எப்படி? முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுகளின் சங்கம் தொடங்கியபோதே, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபடியே இந்தியா தனி உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வழக்கம் தொடர்ந்தது. பெயர் இந்தியாவுடையது, யார் போகணும் என்று முடிவு செய்வது வைஸ்ராய் அரசு.

அனுப்பப்பட்ட குழுவில் ஐந்து பேர். தலைவர், வைஸ்ராய் அரசின் நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன். அடுத்து அரசின் பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரிகரி. இரண்டு பேரும் ஆங்கிலேயர். மீதி மூன்று பேர் இந்தியர்: ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாய் தொழில் உலகத்தைச் சேர்ந்த ஏ.டி. ஷ்ராஃப், பிறகு நம்ம கோவைக்காரர்.

அதே ஜூலை மாதம் ஜவஹர்லால் நேரு அகமத்நகர் கோட்டைச் சிறையில் இருந்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் பிடிபட்ட காங்கிரஸ் தலைவர்கள் பலரும் உள்ளேதான். நாட்டின் தலைவர்கள் சிறையில் இருக்கும்போது, நாட்டின் பெயரில் வேறு சிலர் ஒப்பந்தம் பேசுகிறார்கள். சண்முகம் செட்டியார்மீது 1932-ல் விழுந்த அதே கேள்வி மறுபடியும் எழ இடம் இருந்தது: உங்களை அனுப்பியது யார்?

லண்டனில் சிக்கிய பணம்

ஆனால் போன மூன்று இந்தியர்களும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவில்லை. அவர்கள் கையில் ஒரு பெரிய கணக்கு இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, தானியம், இரும்பு, தோல் என்று வாங்கிக்கொண்டே இருந்தது. உடனே காசு தரவில்லை. லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டு வரவு வைத்தது. இங்கே ரிசர்வ் வங்கி, அந்த வரவைக் காட்டி ரூபாய் நோட்டு அடித்து விற்றவர்களுக்குக் கொடுத்தது. போர்க்காலத்தில் நாட்டில் புழங்கிய நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. சரக்கு வெளியே போகுது, நோட்டு உள்ளே வருது. விலை ஏறாமல் என்ன செய்யும்? 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம்.

அப்படிச் சேர்ந்ததுதான் 'ஸ்டெர்லிங் இருப்பு'. போர் முடியும்போது அது சுமார் 130 கோடி பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,700 கோடி ரூபாய். காலங்காலமாக பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த நாடு, முதல் தடவையாக பிரிட்டனுக்கே கடன் கொடுத்த நாடானது.

சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வயித்தைக் கட்டி மாசாமாசம் சீட்டுப் பணம் கட்டியாச்சு. கணக்கு நோட்டில் வரவும் இருக்கு. ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கப் போனா, இப்ப கிடையாது, அதுவும் எங்க கடையில்தான் செலவு பண்ணணும்னு சொன்னா எப்படி இருக்கும்? பவுண்டை டாலராக மாற்றி, அமெரிக்காவில் இயந்திரம் வாங்க இந்தியாவுக்கு வழியில்லை.

பிரெட்டன் வுட்ஸில் இந்தியக் குழு வைத்த முக்கியக் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: இந்தப் போர்க்கால இருப்பில் ஒரு பகுதியையாவது வேறு நாணயமாக மாற்ற ஐஎம்எஃப் வழி செய்ய வேண்டும். இதற்காக அதிகம் வாதாடியவர் ஷ்ராஃப்.

இரண்டு: புதிய அமைப்புகள் போரில் அழிந்த ஐரோப்பாவை மட்டும் பார்க்கக் கூடாது. பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியும் அவற்றின் நோக்கமாக எழுதப்பட வேண்டும்.

மூன்று: இந்தியாவின் அளவுக்கு ஏற்ற ஒதுக்கீடும், நிர்வாகக் குழுவில் இடமும் வேண்டும்.

கிடைத்தது என்ன?

முதல் கோரிக்கை தோற்றது. அது பிரிட்டனும் இந்தியாவும் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் சொல்லிவிட்டன. அத்தனை பெரிய தொகையை மாற்ற ஆரம்பித்தால், புதிய நிதியத்தின் பணம் அதிலேயே தீர்ந்துபோகும் என்பது அவர்கள் பயம்.

இரண்டாவது பாதி ஜெயித்தது. உலக வங்கியின் நோக்கங்களில், வளர்ச்சி குறைந்த நாடுகளின் உற்பத்தி வளத்தைப் பெருக்குவதும் ஒன்றாக எழுதப்பட்டது. இது இந்தியா மட்டும் கேட்டது இல்லை. சீனாவும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் அழுத்தம் கொடுத்தன.

மூன்றாவதைப் புரிந்துகொள்ள 'கோட்டா' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஐஎம்எஃப்-ல் ஒவ்வொரு நாடும் ஒரு பங்குத் தொகை கட்டும். கொஞ்சம் தங்கத்தில், பெரும்பகுதி சொந்த நாணயத்தில். அந்தத் தொகையை வைத்துத்தான் வாக்கு பலம், எடுக்கக்கூடிய கடன் இரண்டும் தீர்மானமாகும்.

1944-ல் முடிவான கோட்டா, டாலரில்:

அமெரிக்கா – 275 கோடி
பிரிட்டன் – 130 கோடி
சோவியத் ஒன்றியம் – 120 கோடி
சீனா – 55 கோடி
பிரான்ஸ் – 45 கோடி
இந்தியா – 40 கோடி

மொத்தம் 880 கோடி டாலரில் இந்தியாவின் பங்கு சுமார் 4.5%. ஒப்பிட்டுப் பார்த்தால், லண்டனில் சிக்கியிருந்த நம் பணம் இந்த 40 கோடி டாலரைப் போல ஏறக்குறைய 13 மடங்கு.

இதில் இன்னொரு சிக்கல். முதல் ஐந்து நாடுகளுக்குத்தான் நிர்வாகக் குழுவில் நிரந்தரமாக ஆள் போடும் உரிமை. இந்தியா ஆறாவது. ஒரு படி கீழே நின்றுபோனது. அப்புறம் நடந்தது யாரும் திட்டமிட்டது இல்லை. 1945 டிசம்பர் 31-க்குள் சேர வேண்டும் என்ற கெடுவுக்குள் சோவியத் ஒன்றியம் சேரவில்லை. பட்டியலில் இந்தியா ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. அந்த நாற்காலி கிடைத்தது.

உள்நாட்டில் ஒப்புதல் வாங்கினார்களா?

முதலில் இல்லை. 1945 கடைசியில் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் நேரம். கெடு நெருங்கியதால் அரசு அவசரச் சட்டம் போட்டு உறுப்பினரானது. 1946-ல் புதிய சபை கூடியதும் இது பெரிய பிரச்சினையானது. எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். விவாதம், குழு எல்லாம் முடிந்து, அந்த ஆண்டிலேயே உறுப்பினராகத் தொடரலாம் என்று சபை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சபையில் நம்ம பகுதியின் உறுப்பினர் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்த எம். அனந்தசயனம் ஐயங்கார். பின்னாளில் மக்களவை சபாநாயகரானவர். ஆக, பிரெட்டன் வுட்ஸ் விவகாரம் சித்தூர் மாவட்டத்து ஓட்டு வாங்கியவர் முன்னாலும் வந்துதான் போனது.

1946 டிசம்பரில் ஐஎம்எஃப் முதல் முறையாக நாணய மதிப்புகளை அறிவித்தபோது, ஒரு டாலர் சுமார் 3 ரூபாய் 31 காசு என்ற கணக்கில் ரூபாயின் மதிப்பு பதிவானது. இன்று திருமலை உண்டியலில் பக்தர்கள் போடும் டாலரையும் ரிங்கிட்டையும் தேவஸ்தானம் ரூபாயாக மாற்றும்போது பார்க்கும் விகிதம் தினமும் மாறுகிறது. அன்றைக்கு அது பல வருஷத்துக்கு ஒரே இடத்தில் கட்டிவைக்கப்பட்ட எண்.

எதிர்முகாமிலிருந்து நேரு அமைச்சரவைக்கு

1947 ஆகஸ்ட் 15. சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் நிதி யாருக்கு? காங்கிரஸை எதிர்த்து நின்று தோற்ற, ஆங்கிலேயரிடம் 'சர்' பட்டம் வாங்கிய சண்முகம் செட்டியாருக்கு. கட்சிக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது அன்றைய முடிவு. உலக அரங்கில் பணம் பேசிப் பழகியவர்கள் நாட்டில் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள்.

1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு. வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினை, அகதிகள், உணவுத் தட்டுப்பாடு எல்லாம் ஒரே நேரத்தில்.

இப்போது அந்த 1,700 கோடியை நினைத்துப் பாருங்கள். உள்ளூரில் பற்றாக்குறை பட்ஜெட் போடும் நாட்டுக்கு, அதைப் போலப் பல மடங்கு பணம் லண்டனில் முடங்கிக் கிடந்தது.

1948 கோடையில் அந்தப் பணத்துக்காக லண்டன் போன இந்தியக் குழுவுக்கு சண்முகம் செட்டியார்தான் தலைவர். பிரெட்டன் வுட்ஸில் மறுக்கப்பட்டதை நான்கு ஆண்டு கழித்து நேரடியாகக் கேட்டார். ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. ஆங்கிலேயர் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழித்துக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு சுமார் 16.8 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் இந்தியா செலவழிக்க 8 கோடி பவுண்டு புதிதாக விடுவிக்கப்பட்டது. நம்ம பணத்தில் அவர்கள் பென்ஷனா என்ற கோபம் இங்கே இருந்தது. ஆனாலும் பூட்டு கொஞ்சம் திறந்தது.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே பதவி போனது. வரி ஏய்ப்பை விசாரிக்கும் ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது சர்ச்சையானது. பொறுப்பேற்று 1948 ஆகஸ்டில் விலகினார். ஒரு வருஷம்தான் நிதியமைச்சர். அடுத்து வந்தவர் ஜான் மத்தாய். அவருக்கு அடுத்து 1950-ல் வந்தவர் சி.டி. தேஷ்முக். பிரெட்டன் வுட்ஸ் போன மூன்று இந்தியர்களில் இரண்டு பேர் நிதியமைச்சர் ஆகியிருக்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் தமிழிசை இயக்கம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு என்று தமிழகத்திலேயே இருந்தார். 1952-ல் சுயேச்சையாக சென்னை சட்டசபைக்குத் தேர்வானார். 1953 மே 5 அன்று மாரடைப்பால் காலமானார். ஐந்து மாதத்தில், அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூரும் திருப்பதியும் சென்னையை விட்டுப் பிரிந்தன.

அப்போ சேர்ந்தது சரியா?

எண்களை வைத்துப் பார்க்கலாம். 1948-49-ல் இந்தியா ஐஎம்எஃப்-லிருந்து சுமார் 10 கோடி டாலர் எடுத்தது. 1949 ஆகஸ்டில் உலக வங்கியின் முதல் கடன், ரயில்வேக்காக 3.4 கோடி டாலர், வந்தது. வெளியே நின்றிருந்தால் அந்த நெருக்கடியில் இந்த இரண்டும் இல்லை. 1960-ல் ஏழை நாடுகளுக்கு குறைந்த சுமையில் கடன் கொடுக்க உலக வங்கிக் குழுமத்தில் தனிப் பிரிவு தொடங்கியது. சித்தூருக்கு 'வெலுகு' கடன் வந்தது அந்தப் பிரிவிலிருந்துதான்.

மறுபக்கமும் உண்டு. 1991 நெருக்கடியில் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்து, ஐஎம்எஃப் கடனோடு அதன் நிபந்தனைகளையும் ஏற்க வேண்டி வந்தது. அந்தக் கடனை 2000-ல் அடைத்து முடித்தோம். 2009-ல் அதே ஐஎம்எஃப்-லிருந்து 200 டன் தங்கம் விலைக்கு வாங்கினோம்.

ஆனால் பங்கு? 1944-ல் 4.5% இருந்த கோட்டா இன்று சுமார் 2.75%. இத்தனைக்கும் பொருளாதாரம் பல மடங்கு பெருத்திருக்கிறது. தனி நாற்காலியும் பின்னாளில் போய்விட்டது. இப்போது இலங்கை, வங்கதேசம், பூடானோடு சேர்த்து ஓர் இடம். கோட்டாவை மாற்ற வேண்டும் என்று இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பணக்கார நாடுகளின் கொள்கை அமைப்பான ஓஇசிடி-யில் சேர இந்தோனேசியாவும் தாய்லாந்தும் 2024-ல் பேச்சு தொடங்கின. இந்தியா அங்கே கூட்டாளி நாடு மட்டும்தான், உறுப்பினர் இல்லை. அங்கே விதிகள் எழுதி முடிந்தபின் சேர்கிறவர்கள், இருக்கிற விதிக்குத் தங்களை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

1944-ல் அந்த நிலை இல்லை. விதி எழுதும்போதே இந்தியப் பெயரில் ஆள் இருந்தது. கேட்டதில் பெரியது கிடைக்கவில்லை. போனவர்களை அனுப்பியதும் மக்கள் இல்லை. ஆனால் அன்று கட்டிய கோட்டாவும் பெற்ற உறுப்பினர் உரிமையும் மூன்று ஆண்டில் சுதந்திர அரசின் கைக்கு வந்தன. நேரு அரசு அதைத் தூக்கிப் போடவில்லை. போனவரையே கூப்பிட்டு நிதியமைச்சராக்கியது.